குற்றவியல் பட்டம் படிக்கலாமா? மதுரை வட்டார மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த கையோடு மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி வட்டாரங்களில் காக்கிச் சட்டை மீது ஆசை கொண்ட பிள்ளைகளின் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. குற்றவியல் பட்டம் படித்தால் போலீஸ் வேலை சுலபமாகக் கிடைக்குமா? கல்லூரிகளின் விளம்பரத் தாள்கள் காவல் துறை, சிறைத் துறை, சிபிஐ, தடய அறிவியல் ஆய்வகம், சைபர் கிரைம் என்று நீண்ட பட்டியல் போடுகின்றன. அந்தப் பட்டியலில் உள்ள வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். சிலவற்றுக்கு வேறொரு குறிப்பிட்ட பட்டம் வேண்டும். குற்றவியல் பட்டத்தையே கேட்கும் வேலைகள் மிகக் குறைவு.

இதைச் சொல்வதால் அந்தப் பாடத்தை நான் குறைத்து மதிப்பதாக எண்ண வேண்டாம். ஒருவன் ஏன் குற்றம் செய்கிறான், தண்டனை என்ன சாதிக்கிறது, பாதிக்கப்பட்டவருக்குச் சமூகம் என்ன கடமைப்பட்டிருக்கிறது என்று முறையாகக் கேட்கும் படிப்பு வேறு எதுவும் இல்லை. பாதிக்கப்பட்டோர் இயல் என்ற துறையை இந்தியாவில் வளர்த்தவர்களில் முக்கியமானவரான பேராசிரியர் கு. சொக்கலிங்கம், சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையில் பணியாற்றியவர். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். தமிழ்நாட்டில் இந்தப் பாடத்துக்கு நல்ல வேர் உண்டு. ஆனால் பாடத்தின் அருமையும் அந்தப் பட்டத்தின் சந்தை மதிப்பும் இரண்டு தனிக் கணக்குகள். வீட்டுப் பணத்தைப் போடும் முன் இரண்டாவது கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் படி: எந்தப் படிப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

குற்றவியல், குற்றவியல் நீதி நிர்வாகம், தடய அறிவியல், சட்டம், சமூகப்பணி ஆகிய ஐந்தையும் பலர் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். குற்றவியலும் குற்றவியல் நீதி நிர்வாகமும் சமூக அறிவியல் படிப்புகள். காவல், நீதிமன்றம், சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவை இயங்கும் விதத்தைக் கற்பிப்பவை. தடய அறிவியல் ஆய்வகப் படிப்பு. வேதியியல், உயிரியல், இயற்பியல் அடித்தளம் இல்லாமல் அதில் நிற்க முடியாது. பிரேதப் பரிசோதனை செய்பவர் தடயவியல் மருத்துவர். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் எம்.டி. படித்தவர், அரசு ராஜாஜி மருத்துவமனையில் அந்த வேலையைப் பார்ப்பவருக்கும் குற்றவியல் பட்டத்துக்கும் தொடர்பு இல்லை. நீதிமன்றத்தில் வாதாட சட்டப் படிப்பு வேண்டும். சிறார் இல்லத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் சமூகப்பணிப் பட்டத்துக்கே முதல் மரியாதை.

பிள்ளையிடம் 'குற்றவியல் ஏன் பிடிக்கும்?' என்று கேளுங்கள். 'கைரேகை, ரத்தக் கறை, டிஎன்ஏ' என்று பதில் வந்தால் அது தடய அறிவியல். 'கோர்ட்டில் பேச வேண்டும்' என்றால் சட்டம். 'சீருடை' என்றால் அதற்கு எந்தப் பட்டமும் போதும். 'ஏன் ஒரு பையன் பதினாறு வயதில் கத்தி எடுக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும்' என்று சொன்னால் அந்தப் பிள்ளை குற்றவியலுக்கு உரியது.

இரண்டாம் படி: வேலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேலை தேடுவது நம் ஊர் வழக்கம். இந்தத் துறையில் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஆசைப்படும் பதவியின் கடைசி ஆள்சேர்ப்பு அறிவிக்கையைத் தரவிறக்கி, 'கல்வித் தகுதி' என்ற பத்தியை ஒரு சொல் விடாமல் படியுங்கள். நான் முக்கியமாகக் கருதும் சில பதவிகளை இங்கே பிரித்துச் சொல்கிறேன்.

காவல் சார்பு ஆய்வாளர். இந்த வட்டாரத்தில் பலரின் கனவு இதுதான். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் கேட்பது ஏதேனும் ஒரு பட்டம். வரலாறு படித்தவரும் வணிகவியல் படித்தவரும் குற்றவியல் படித்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தமிழ் தகுதித் தேர்வைத் தாண்ட வேண்டும். அதன்பின் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், உடல் திறனுக்கு 15, நேர்முகத்துக்கு 10, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்கு 5. பொதுப் போட்டியாளருக்கான எழுத்துத் தேர்வில் வருவது பொது அறிவும் உளவியல், தருக்கம், எண்ணியல் திறனும். குற்றவியல் கோட்பாடுகளுக்கு அதில் தனிப் பகுதி கிடையாது. மூன்று ஆண்டு என்.சி.சி. தரும் மதிப்பெண் கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று ஆண்டு குற்றவியல் தரும் மதிப்பெண் நேர்முகத்தில் சொல்லும் நல்ல பதிலாக வந்தால்தான் உண்டு.

அதற்கும் முன்னால் உயரம். ஆண்களுக்கு 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167; பெண்களுக்கு 159, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 157. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்கு முன் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்கள். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு காலைப்பொழுது ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் லட்சங்களைக் கட்டும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

சார்பு ஆய்வாளரின் ஊதிய விகிதம் 36,900 முதல் 1,16,600 வரை. அகவிலைப்படியும் பிற படிகளும் இதன்மேல் சேரும். இரண்டாம் நிலைக் காவலருக்குத் தொடக்கம் 18,200. தகுதி பத்தாம் வகுப்பு. பட்டம் முடித்துக் காவலராகச் சேருபவர்கள் ஏராளம். பணியில் இருந்துகொண்டே சார்பு ஆய்வாளர் தேர்வில் 20 விழுக்காடு துறை ஒதுக்கீட்டில் போட்டியிடும் வழி அவர்களுக்கு உண்டு. இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டே மேலே ஏறும் பாதை இது.

சிறையும் நன்னடத்தைப் பிரிவும். உதவி சிறை அலுவலர், சிறை அலுவலர் பதவிகளுக்கும் குரூப் 2 தேர்வில் வரும் நன்னடத்தை அலுவலர் பதவிக்கும் ஆள் எடுப்பது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், தண்டனைக்குப் பதிலாகக் கண்காணிப்பில் விடும் வழியை நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. அந்தக் கண்காணிப்பைச் செய்பவர்தான் நன்னடத்தை அலுவலர். குற்றவியல் படித்த ஒருவருக்கு மனதளவில் இதைவிடப் பொருத்தமான அரசு வேலை இல்லை என்பது என் எண்ணம். அறிவிக்கையில் அடிப்படைத் தகுதியோடு 'முன்னுரிமைத் தகுதி' என்ற வரி இருக்கிறதா, அதில் எந்தெந்தப் பட்டங்கள் வருகின்றன என்று பாருங்கள். முன்னுரிமை என்பது மற்றவை சமமாக இருக்கும்போதுதான் கை கொடுக்கும். தேர்வில் மதிப்பெண் எடுக்காமல் அதைக் கொண்டு உள்ளே நுழைய முடியாது.

குழந்தைகள் பாதுகாப்பு. குழந்தைகள் நலனுக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளுக்கு ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுக்கிறார்கள். தொகுப்பூதியம் பாதுகாப்பு அலுவலருக்கும் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலருக்கும் மாதம் ரூ.27,804, ஆற்றுப்படுத்துநருக்கும் (கவுன்சலர்) சமூகப்பணியாளருக்கும் ரூ.18,536, புறத்தொடர்புப் பணியாளருக்கு ரூ.10,592. பாதுகாப்பு அலுவலருக்கான தகுதிப் பட்டியலில் சமூகப்பணி, சமூகவியல், உளவியல், சட்டம், குழந்தை வளர்ச்சி போன்ற பாடங்கள் வரும். குற்றவியலின் பெயரைத் தேடினால் கிடைக்காது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அப்படித்தான். சிறார்களின் குற்ற வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் சமூகப்பணி உறுப்பினராகக் குழந்தைகள் நலப் பணியில் ஏழாண்டு அனுபவம் உள்ளவரோ, குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவரோ வரலாம் என்கிறது அது. குற்றத்தில் சிக்கிய சிறார்களைப் பற்றி மூன்று ஆண்டு படித்தவருக்கு அந்தச் சிறார்களுக்கான பதவியில் பெயரில்லை. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் பட்டியலைத்தான் பார்ப்பார். இந்த வழியில் போக விரும்பும் பிள்ளை இளங்கலையில் எதைப் படித்தாலும் முதுகலையில் சமூகப்பணி எடுப்பது பாதுகாப்பு. மதுரை சமூக அறிவியல் கல்லூரி போன்ற இடங்களில் உள்ளூரிலேயே அதைப் படிக்கலாம்.

தடய அறிவியல். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு நேரில் போவதைக் கட்டாயமாக்குகிறது. மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்து ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஆகவே இந்தப் பக்கம் ஆள் தேவை கூடும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. மதுரையிலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் உண்டு. ஆய்வகத்தின் இளநிலை அறிவியல் அலுவலர் பதவிக்கு அறிவியல் சார்ந்த முதுகலைப் பட்டம் கேட்கிறார்கள். விரல் ரேகைப் பிரிவின் சார்பு ஆய்வாளருக்கு அறிவியல் இளங்கலை. இந்த ஆசை உள்ளவர் வேதியியல் அல்லது உயிரியல் அடிப்படையை விடக் கூடாது. நல்ல வேதியியல் பட்டம் வைத்திருப்பவருக்குத் தடயவியல் கைகூடாமல் போனாலும் மருந்து நிறுவனம், நீர்ப் பரிசோதனை ஆய்வகம், பள்ளி ஆசிரியர் வேலை என்று வேறு கதவுகள் உண்டு.

சட்டம். குற்றவியல் இளங்கலை முடித்து மூன்றாண்டு சட்டம் படித்தால் மொத்தம் ஆறு ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பில் சேர்ந்தால் ஐந்து. ஓராண்டு மிச்சம். வழக்கறிஞராகவோ அரசு வழக்கறிஞராகவோ ஆக வேண்டும் என்று இப்போதே தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு இரண்டாவது வழியே சரி. மதுரையில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. 2004 ஜூலையில் தொடங்கிய உயர் நீதிமன்றக் கிளையும் இருக்கிறது. படிப்பும் தொழிலும் ஒரே ஊரில் அமையும் வாய்ப்பு எல்லா மாவட்டத்துக்கும் கிடைப்பதில்லை. உதவி அரசு வழக்கறிஞர் பதவிக்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டு வழக்காடிய அனுபவம் வேண்டும். ஊதியம் 56,100-இல் தொடங்குகிறது. அந்த ஐந்தாண்டில் மூத்த வழக்கறிஞரிடம் கிடைக்கும் தொகை கைச்செலவுக்கே பற்றாது என்பதை வீடு முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆசிரியப் பணி. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யுஜிசி நெட்டில் குற்றவியல் தனிப் பாடமாக உண்டு. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டு மாதம் ரூ.37,000, அதன்பின் ரூ.42,000. படிப்பில் உண்மையான பற்றுள்ள ஒருவருக்குக் குற்றவியல் முதுகலை தரும் மிக நேரடியான பலன் இதுதான். ஆனால் இந்தத் துறை இருக்கும் கல்லூரிகள் மாநிலத்தில் குறைவு. முனைவர் பட்டம் பெற்றபின் நிரந்தரப் பணியிடத்துக்காக நெடுநாள் காத்திருக்க நேரும்.

தனியார் துறை. வங்கிகளின் மோசடிக் கண்காணிப்பு, வாடிக்கையாளர் சரிபார்ப்பு, பணமோசடித் தடுப்பு, காப்பீட்டுக் கோரிக்கை விசாரணை, பணியாளர் பின்னணி ஆய்வு ஆகிய வேலைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கூடுதல், மதுரையில் குறைவு. இங்கே பட்டத்தின் பெயரைவிட எக்ஸெல், ஆங்கில அறிக்கை எழுதும் திறன், கணக்கியல் அடிப்படை ஆகியவைதான் ஆளைத் தேர்வு செய்கின்றன. வணிகவியல் படித்தவர் இந்த இடத்தில் ஒரு படி முன்னால் நிற்கிறார்.

குடிமைப் பணித் தேர்வை மனதில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் குற்றவியல் இல்லை. சமூகவியலும் உளவியலும் சட்டமும் இருக்கின்றன.

மூன்றாம் படி: பணத்தைக் கணக்கிடுங்கள், முழுவதையும்

கல்லூரி சொல்லும் ஆண்டுக் கட்டணம் செலவின் ஒரு பகுதிதான். விடுதி, உணவு, பஸ் டிக்கெட், தேர்வுக் கட்டணம், சீருடை, களப் பயணம், மடிக்கணினி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அதே மூன்று ஆண்டில் பிள்ளை வேறு என்ன செய்திருக்கலாம் என்பதையும் எழுதுங்கள்.

ஒரு உதாரணம். திருமங்கலத்துக் குடும்பம் ஒன்று வெளியூர்த் தனியார் கல்லூரியில் பிள்ளையைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டணம் ஆண்டுக்கு 60,000, விடுதியும் உணவும் 70,000, மற்றவை 20,000. மூன்று ஆண்டுக்கு நாலரை லட்சம். அதே பிள்ளை வீட்டிலிருந்தபடி ஓர் அரசு கலைக் கல்லூரியில் வரலாறோ தமிழோ பொருளாதாரமோ படித்தால் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். சார்பு ஆய்வாளர் தேர்வின் முன் இரண்டு பட்டங்களுக்கும் மதிப்பு ஒன்றுதான். அப்படியானால் மிச்சமாகும் நாலு லட்சத்துக்கு மேலான பணம் எதை வாங்கியது என்று கேட்க வேண்டும். குற்றவியல் பாடத்தின் மீதுள்ள பற்றை வாங்கியது என்றால், வசதியுள்ள குடும்பம் அதைத் தாராளமாகச் செய்யலாம். வேலை வாய்ப்பை வாங்கியது என்று நினைத்தால் அது தவறான நினைப்பு.

இப்போது கடன் கணக்கு. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. அதனாலேயே பல குடும்பங்கள் அந்த 4 லட்சத்தை யோசிக்காமல் எடுத்துவிடுகின்றன. மூன்று சம தவணைகளில் பணம் கல்லூரிக்குப் போகிறது, வட்டி 10.5 விழுக்காடு, படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்று கொள்வோம். நான்காம் ஆண்டு முடிவில் தனிவட்டியாகவே 1.26 லட்சம் ஏறி, கடன் 5.26 லட்சமாகிவிடும். ஐந்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 11,300 ரூபாய். ஒப்பந்த ஆற்றுப்படுத்துநரின் 18,536 சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கு இதற்கே போய்விடும். பாதுகாப்பு அலுவலரின் 27,804-இல் ஐந்தில் இரண்டு பங்கு. சார்பு ஆய்வாளரின் சம்பளத்தில் இது தாங்கக்கூடிய தொகைதான். ஆனால் எல்லோரும் தேர்வாகப் போவதில்லை. கடன் வாங்கும்போது நினைக்க வேண்டியது, மிக மோசமாக நடந்தால் கிடைக்கக்கூடிய சம்பளத்தை. படிக்கும் காலத்திலும் அதன்பின் வரும் ஓராண்டிலும் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவர முடிந்தால் அந்த 1.26 லட்சம் மேலே ஏறாது. முதல் ஆண்டில் அது மாதம் ஆயிரத்து இருநூறுக்குள்தான் இருக்கும்.

வரவுப் பக்கத்தையும் மறக்க வேண்டாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய்; மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு 36,000. தமிழ்வழியில் படித்த அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் இவை உண்டு. தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தால் கிடைக்காது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் உள்ள பட்டியல் சாதி, பழங்குடியின மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு முதல் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

நான்காம் படி: வயதை எண்ணுங்கள்

இந்தத் துறையில் பணத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோவது வயதுதான். சார்பு ஆய்வாளருக்குப் பொதுப் பிரிவில் 30, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு 32, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 35. காவலருக்கு இதே வரிசையில் 26, 28, 31. கேட்கும்போது நிறையக் காலம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அறிவிக்கை ஆண்டுதோறும் வருவதில்லை. சார்பு ஆய்வாளர் பணிக்கு 2022-இல் 444 இடங்களுக்கும் 2023-இல் 621 இடங்களுக்கும் அறிவிக்கை வந்தது. 2024 வெறுமனே போனது. 2025-இல் 1,299 இடங்கள். இருபத்தொன்றில் பட்டம் முடித்து இருபத்து மூன்றில் முதுகலையும் முடிக்கும் ஒருவருக்கு வயது வரம்புக்குள் கிடைக்கும் முயற்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்த இடத்தில் ஒரு கருத்தை அழுத்திச் சொல்கிறேன். சீருடைப் பணிதான் குறிக்கோள் என்றால் இளங்கலையோடு நிறுத்திக்கொண்டு உடனே தேர்வுக்கு உட்காருங்கள். பெயருக்குப் பின்னால் இன்னொரு பட்டம் சேர்வதால் தேர்வில் மதிப்பெண் சேராது. பணியில் சேர்ந்தபின் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் குற்றவியல் முதுகலை படிக்கலாம். அப்போது அந்தப் படிப்பு கையில் இருக்கும் வழக்குகளோடு பொருந்தி உயிர் பெறும்.

ஐந்தாம் படி: தமிழ்வழி ஒதுக்கீட்டை இழந்துவிடாதீர்கள்

மாநில அரசின் நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு இடங்கள் தமிழ்வழியில் படித்தோருக்கு முன்னுரிமையாக ஒதுக்கப்படுகின்றன. 2010-இல் வந்த இந்தச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டது. பதவிக்கான கல்வித் தகுதி பட்டம் என்றால், பள்ளியின் முதல் வகுப்பிலிருந்து பட்டம் வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். குற்றவியல் படிப்பைப் பெரும்பாலும் ஆங்கில வழியில்தான் நடத்துகிறார்கள். பன்னிரண்டு ஆண்டு அரசுப் பள்ளியில் தமிழில் படித்த பிள்ளை, ஆங்கிலவழிக் குற்றவியல் பட்டத்தில் சேர்ந்தால் பட்டதாரிப் பதவிகளுக்கான இந்த முன்னுரிமையை ஒரே கையெழுத்தில் இழக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் இவ்வளவு பெரிய உதவியைப் பற்றிச் சேர்க்கை அலுவலகத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதே பிள்ளை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழியில் வரலாறு படித்தால் அந்த உரிமை கையிலேயே இருக்கும். என்னைக் கேட்டால், தமிழ்வழியில் வந்த மாணவருக்கு இந்த ஒரு காரணமே முடிவெடுக்கப் போதும்.

ஆறாம் படி: இவ்வளவுக்குப் பிறகும் குற்றவியல்தான் என்றால்

அந்தப் பிள்ளையைத் தடுக்காதீர்கள். நல்ல இடத்தில் சேருங்கள். மதுரையிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத் தொலைவில், திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துறை இந்தியாவிலேயே பழமையானவற்றுள் ஒன்று. வடக்கே போகத் தயாராக இருப்பவர்களுக்குக் காந்திநகரில் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் உண்டு. டெல்லியில் 1972-இல் தொடங்கப்பட்ட தேசிய குற்றவியல், தடய அறிவியல் நிறுவனம் இப்போது அதன் ஓர் அங்கம்.

பல்கலைக்கழகத் துறையில் முதுகலையாகப் படிப்பதையே நான் பரிந்துரைப்பேன். இளங்கலையில் சமூகவியல், உளவியல், வேதியியல் போன்ற அகலமான பாடம், முதுகலையில் குற்றவியல். முதல் பட்டம் பல கதவுகளைத் திறந்து வைக்கும். இரண்டாவது நீங்கள் விரும்பிய அறையைக் காட்டும்.

எந்தக் கல்லூரியானாலும் நேரில் போய் இவற்றைக் கேளுங்கள்:

- கடந்த மூன்று ஆண்டுகளில் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? 'நூறு விழுக்காடு வேலை' என்ற அட்டையை ஏற்காதீர்கள். நான்கைந்து முன்னாள் மாணவர்களிடம் நீங்களே பேசுங்கள்.
- பாடம் நடத்துபவர்களில் குற்றவியலில் நெட் அல்லது முனைவர் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர்?
- சிறை, காவல் நிலையம், கூர்நோக்கு இல்லம், நீதிமன்றம் ஆகியவற்றுக்குக் களப்பணி எத்தனை வாரம்? ஒருநாள் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வருவது களப்பணி ஆகாது.
- இந்தப் பட்டம் வேறு எந்தப் பட்டத்துக்கு இணை என்று உயர்கல்வித் துறையின் அரசாணை இருக்கிறதா? இருந்தால் எண்ணையும் தேதியையும் எழுதி வாங்குங்கள்.
- தொலைநிலை, இணையவழிப் படிப்பு என்றால் அந்த ஆண்டுக்கான யுஜிசி தொலைநிலைக் கல்விக் குழு அனுமதிப் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயரே இருக்கிறதா? பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது.

நான்காவது கேள்வி மிக முக்கியம். பட்டத்தின் பெயரில் ஒரு சொல் மாறினாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். எழுத்துத் தேர்வில் வென்று, அசல் சான்றிதழ்களோடு வரிசையில் நிற்கும் நாளில் இது தெரியவந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

காக்கிச் சீருடையும் அணிவகுப்பும் கொடுத்து, 'போலீஸ் வேலை உறுதி' என்று சான்றிதழ் படிப்பு நடத்தும் தனியார் மையங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். சீருடைப் பணியில் வேலையை உறுதி செய்யும் அதிகாரம் எந்தத் தனியார் மையத்துக்கும் கிடையாது.

ஏழாம் படி: வெளிநாட்டுப் பட்டம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் குற்றவியல் நீதிப் பட்டங்களுக்கு இணையத்தில் விளம்பரம் நிறைய வருகிறது. அங்கே அந்தப் பட்டத்துக்கு மதிப்பு தருவது உள்ளூர்க் காவல் துறைகளும் கூட்டாட்சி அமைப்புகளும். எஃப்பிஐ போன்ற அமைப்பில் சேர அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். மாணவர் விசாவில் போகும் நம் பிள்ளைக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். படித்து முடித்தபின் வேலை அனுபவம் பெறக் கிடைக்கும் காலம் பெரும்பாலான குற்றவியல் நீதிப் படிப்புகளுக்கு 12 மாதம்தான். தடய அறிவியல் போன்ற அறிவியல் படிப்புகளுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. பல லட்சம் கடன் வாங்கி ஊர் திரும்பினால் இங்கே அது மறுபடியும் 'ஏதேனும் ஒரு பட்டம்' ஆகிவிடும். முழு உதவித்தொகையும் ஆராய்ச்சி நோக்கமும் இல்லாமல் இந்த வழியில் போக வேண்டாம்.

எட்டாம் படி: சேர்ந்த நாளிலிருந்து செய்ய வேண்டியவை

எந்தப் பட்டத்தில் சேர்ந்தாலும் முதல் ஆண்டிலேயே என்.சி.சி. அல்லது என்.எஸ்.எஸ்.-இல் பெயர் கொடுங்கள். இரண்டாம் ஆண்டில் கேட்டால் இடம் இருக்காது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான தமிழ்நாடு அரசுப் பாடநூல்களைப் படிக்கத் தொடங்குங்கள். நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. கோ.புதூரில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறது. தனியார் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் முன் இந்த இரண்டையும் பயன்படுத்திப் பாருங்கள்.

2024 ஜூலைக்குப் பிறகு இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. குற்றவியல் படிப்பவர்கள் பழைய குறிப்பேடுகளிலிருந்து பிரிவு எண்களை மனப்பாடம் செய்யாமல், கல்லூரியின் பாடத்திட்டம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். விடுமுறையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ சிறார்களுக்காக இயங்கும் தொண்டு நிறுவனத்திலோ தன்னார்வலராக வேலை செய்ய அனுமதி கேளுங்கள். இந்த வேலையில் அழுகையும் கோபமும் பொய்யும் நிறைந்த மனிதர்களோடு நாள் முழுவதும் உட்கார வேண்டியிருக்கும். அது தனக்கு ஒத்துவருமா என்பதை வகுப்பறை சொல்லாது. அங்கே கழிக்கும் சில வாரங்கள் சொல்லிவிடும்.

இரண்டாம் ஆண்டு முடியும்போது பெற்றோரும் பிள்ளையும் மறுபடி உட்கார்ந்து, அதுவரை ஆன செலவு, பிள்ளையின் வயது, அண்மையில் வந்த அறிவிக்கைகள் மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். முதுகலைக்குப் போவதா, தேர்வுக்கு உட்காருவதா, சட்டத்துக்கு மாறுவதா என்று அப்போதே பேசிவிட்டால், கடைசிப் பருவத்தில் சேர்க்கை விண்ணப்பங்களின் கடைசித் தேதிகளைத் தவறவிடாமல் இருக்கலாம்.